குற்றவாளிக்கு மன்னிப்பு! குற்றமற்றவனுக்கு மாறாத மாசா?

குற்றம் செய்தவனை மன்னிப்பதற்கு இந்நாட்டில் வழியுண்டு. குற்றம் செய்யாதவனின் பெயரைத் துடைப்பதற்கு வழியில்லை. மேடைக்காக அடுக்கிய சொல்லென்று எவரும் இதனைத் தள்ளிவிட வேண்டாம். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையைப் புரட்டிப் பாருங்கள். நீதிமன்றத்தாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவருக்கு மன்னிப்பளிக்கும் அதிகாரம் அங்கே ஜனாதிபதிக்கு வழங்கப்பட்டிருக்கின்றது. கைது செய்யப்பட்டு, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ அடைத்து வைக்கப்பட்டு, குற்றப்பத்திரமே இல்லாமல் வெளியே விடப்பட்டவர், “என் பெயரிலுள்ள இப்பழைய பதிவை மூடித் தாருங்கள்” என்று நீதவானிடம் கேட்பதற்கென வகுத்த நடைமுறை எந்தச் சட்டத்தில் இருக்கின்றது? எங்கும் இல்லை. மன்னிப்புப் பெறவும் அவருக்கு வழியில்லை. மன்னிப்பதற்குக் குற்றம் ஒன்று தீர்க்கப்பட்டிருந்தாலன்றோ!

இதுவே இன்று வன்னிப் பெருநிலத்தின் ஆயிரமாயிரம் வீடுகளின் நிலை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், தண்டனை பெறாமலே தண்டிக்கப்பட்டுக் கொண்டிருப்போர் எத்தனை பேர்! வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பித்தால் பொலிஸ் சான்றிதழ் வேண்டும். அரசாங்க உத்தியோகமென்றால் பின்னணி விசாரணை உண்டு. தனியார் நிறுவனத்துக் காவலாளி வேலைக்கும் அதே கேள்வி. மக்கள் ‘பொலிஸ் றிப்போட்’ என வழங்கும் அச்சிறு தாளை நாடி விண்ணப்பித்தால், அது கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகத்திலிருந்து விண்ணப்பதாரியின் ஊர்ப் பொலிஸ் நிலையத்துக்கு வரும். அங்கே பழைய ஏடு புரட்டப்படும். “முன்னர் கைதானவர்” என்ற ஒரு வரி போதும், விண்ணப்பம் தூங்கிவிடும். ஏன் தூங்குகின்றதென்று கேட்டாலோ, தெளிவான விடை கிடைப்பதில்லை.

ஏட்டின் வழி யாது?

இந்த ஏடு எங்ஙனம் எழுதப்படுகின்றது என்பதை நம் மக்கள் அறிதல் வேண்டும். பாரிய குற்றச்சாட்டிற் சந்தேகநபராக்கப்பட்டவரின் கைரேகை எடுக்கப்பட்டுக் குற்றப் பதிவுப் பிரிவுக்குச் செல்கின்றது. பொலிஸ் நிலையத்துக் குறிப்பேடுகளில் அவர் பெயர் ஏறுகின்றது. கைது நிகழ்ந்த அன்றே இவையெல்லாம் விரைந்து நடந்துவிடுகின்றன. பின்னர் நீதவான் அவரை விடுவித்தால், அல்லது சட்டமா அதிபர் வழக்கைத் தொடராது விட்டால், அந்தச் செய்தி அதே விரைவோடு அதே ஏட்டைச் சென்றடைகின்றதா? சென்றடைந்தாலும் முதல் வரி அடிக்கப்படுகின்றதா? எழுதும் கைக்குச் சட்டம் கட்டளையிட்டிருக்கின்றது. துடைக்கும் கைக்குக் கட்டளையிட மறந்திருக்கின்றது. மறதியா, மனமின்மையா என்பதைக் காலம் கூறட்டும்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப்பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் உள்ளன. மூன்று ஆண்டுக்கென்று வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. அதன் 9ஆம் பிரிவின்கீழ், நீதிமன்றத் தீர்ப்பு ஏதுமின்றி, அமைச்சரின் கட்டளையால் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை ஒருவரை அடைத்து வைக்க முடிந்தது. 2022இல் வந்த திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது. இவ்வளவு காலம் அடைபட்டுப் பின்னர் வழக்கின்றி வீடு திரும்பியவருக்கு இழந்த மாதங்களைத் திருப்பிக் கொடுக்க எவராலும் இயலாது. அவரது பெயரையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா?

2009 மே மாதத்தை நாம் மறக்கவில்லை. முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறி ஓமந்தைச் சாவடியை அடைந்த மக்களிடம், இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் பதிந்துகொள்ளுமாறு ஒலிபெருக்கியிற் கூறப்பட்டது. பதிந்தவர்கள் புனர்வாழ்வு என்ற பெயரில் வவுனியாப் பூந்தோட்டத்துக்கும் பிற முகாம்களுக்கும் கொண்டு செல்லப்பட்டனர். ஏறத்தாழ 12,000 பேர் இவ்வாறு புனர்வாழ்வளிக்கப்பட்டதாக அரசாங்கமே கணக்குச் சொல்லியது. இவர்களிற் பெரும்பாலோரை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. எந்த நீதிபதியும் குற்றவாளியெனத் தீர்க்கவில்லை. முகாமிலிருந்து வெளியேறுகையில் கையிற் சான்றிதழ் கொடுத்தார்கள். வேலை தேடிப் போகுமிடத்தில் அச்சான்றிதழே சந்தேகச் சீட்டாகிவிடுகின்றது. ‘மீள இணைந்தவர்’ என்று எழுதிக் கொடுத்த அரசாங்கமே இணையவிடாது ஏட்டைத் திறந்து வைத்திருப்பது எவ்வகை நீதி?

துடைக்கத் தெரியாதவர்களா இவர்கள்?

பழைய பதிவைத் துடைப்பது நடவாத காரியமென்று எவரேனும் கூறுவாராயின், இந்நாட்டின் சரித்திரமே அவருக்கு விடை கூறும்.

1971இல் தென்னிலங்கை இளைஞர்கள் ஆயுதம் ஏந்தி அரசாங்கத்தை எதிர்த்தார்கள். 1972இல் தனிச் சட்டமொன்றின்கீழ்க் குற்றவியல் நீதி ஆணைக்குழு அமைத்து அவர்களை விசாரித்தார்கள். மக்கள் விடுதலை முன்னணித் தலைவர் ரோகண விஜேவீரவுக்கு ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அதன்கீழ்ச் சிறைசென்றோர் வெளியே வந்தனர். 1982இல் அதே விஜேவீர ஜனாதிபதித் தேர்தலிற் போட்டியிட்டார். 2024 செப்டெம்பரில் அதே கட்சியின் தலைவர் இந்நாட்டின் ஜனாதிபதியாகவே தெரிவானார். இதனை நாம் குறை கூறவில்லை. பழையதை மூடி வாழ இடங்கொடுத்த நாடு எத்துணை தூரம் செல்ல முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணமென்றே கொள்கின்றோம். அந்த வாசல் வடக்கே திறக்கப்படாதது ஏன் என்பதே நம் கேள்வி.

இன்னும் கேளுங்கள். விடுதலைப் புலிகளின் கிழக்கு மாகாணத் தளபதியாக இருந்த விநாயகமூர்த்தி முரளிதரனுக்கு 2009இல் அமைச்சர் பதவி கிடைத்தது. ஆட்சியாளருக்கு வேண்டியவரானால் தளபதியின் ஏடும் மூடிக்கொள்ளும். வேண்டாதவரானால் ஒரு நாள் பதுங்குகுழி வெட்டியவனின் ஏடும் திறந்தே கிடக்கும்!

2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழ்ப் பொதுமக்கள் கொலையுண்டனர். அவர்களுட் குழந்தையும் ஒன்று. 2015இல் மேல் நீதிமன்றம் இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதித்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பளித்து விடுதலை செய்தார். நாட்டின் அதியுயர் நீதிமன்றம் தீர்த்த குற்றத்தையே ஒரு கையொப்பம் கடந்து சென்றது. எந்த நீதிமன்றமும் தீர்க்காத ‘குற்றத்தை’க் கடப்பதற்கு விசுவமடு விவசாயியின் மகனுக்கு ஒரு மனுப்படிவம்கூட இல்லை!

மாண்டவர் பெயரையும் துடைத்திருக்கின்றார்கள். 1818 ஊவா-வெல்லச எழுச்சியின் தலைவர்கள் 19 பேரைத் துரோகிகளென அறிவித்த ஆங்கிலத் தேசாதிபதியின் வர்த்தமானி, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர், 2016 டிசம்பரில் இரத்துச் செய்யப்பட்டது. நல்ல காரியமே. அந்நியன் எழுதிய பொய்யை அழித்தார்கள். தாமே எழுதிய பொய்யை எப்போது அழிப்பார்கள்? வன்னியன் பெயர் துலங்கவும் இருநூறு ஆண்டு காத்திருக்க வேண்டுமோ?

நீதிமன்றக் கதவுகள் எங்கே?

“உரிமை பாதிக்கப்பட்டால் நீதிமன்றம் செல்லலாமே” என்பார்கள். செல்வோம், எந்தக் கதவு திறந்திருக்கின்றதென்று பார்ப்போம்.

அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, குற்றம் எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுற்றவாளியெனக் கருதப்படல் வேண்டும் என்கின்றது. 126ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறப்பட்டவர் உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்கின்றது. ஒரு மாதத்துக்குள் நாட வேண்டும். பூசாவில் அடைபட்டவர் எந்த மாதத்தில் மனுச் செய்வார்? அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் கணக்கிற் சேராதென 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சலுகை தருகின்றது. ஆயினும் பத்து ஆண்டுக்கு முந்திய கைதுக்கு இது மருந்தாகாது. மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாமென்பர் சட்டத்தரணிகள். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இருப்பது கொழும்பிலே. கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம். இரணைமடு நீரை நம்பி ஒரு போகம் விதைப்பவன் எத்தனை தவணைக்குப் போய் வருவான்?

கொழும்பு சென்றோரின் அனுபவத்தையும் மறைப்பதற்கில்லை. 1993இற் கைதாகி, தனக்குத் தெரியாத சிங்கள மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் பெருவிரல் பதித்ததன்மேல் நீண்ட சிறைத்தண்டனை பெற்ற சிங்கராசாவின் வழக்கு உலகறிந்தது. அவ்விசாரணை நீதியானதன்று என்று 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு கண்டது. அந்த முடிவைக் கையிலேந்தி அவர் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அத்தகைய முடிவுக்கு இந்நாட்டில் வலுவில்லையென 2006இல் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. உலக மன்றம் சொல்லியும் ஊர் ஏடு திருந்தவில்லை.

போர்க்காலத்துக் கதைகளென்று இவற்றை ஒதுக்க முனைவோருக்கு ஓர் அண்மைச் செய்தி. 2024 மார்ச் 8ஆம் நாள், மகா சிவராத்திரியன்று, வவுனியா வடக்கு வெடுக்குநாறி மலை ஆதிசிவன் ஆலயத்தில் வழிபடச் சென்றவர்களில் எட்டுப் பேரைப் பொலிசார் கைது செய்தனர். விளக்கமறியலில் வைக்கப்பட்ட அவர்களை மார்ச் 19ஆம் நாள் வவுனியா நீதவான் நீதிமன்றம் விடுவித்தது; வழக்கும் தள்ளுபடியாயிற்று. நீதவானின் கட்டளையால் அவர்கள் உடல் வெளியே வந்தது. பொலிஸ் ஏட்டிலிருந்து அவர்கள் பெயர் வெளியே வந்ததா? வரவேண்டுமென்று கட்டளையிடும் அதிகாரத்தை எந்தச் சட்டமும் அந்த நீதவானுக்குத் தெளிவாகக் கொடுத்திருக்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

விவசாயிகளே, இது உங்களையும் தொடும் விவகாரம். போரினால் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்துத் திரும்பி, பற்றை மண்டிய தம் பழைய வயலைத் துப்புரவாக்கியவர்கள் காடழித்த குற்றத்துக்கு ஆளானதை வவுனியாவும் முல்லைத்தீவும் கண்டிருக்கின்றன. வரம்பில் நின்ற கமக்காரன் வழக்கில் நின்றான். வழக்கு ஒரு நாள் முடியலாம், வரி முடிவதில்லை.

உலகம் செய்வது யாது?

பிறநாட்டு வழக்கம் சிலவற்றையும் பார்த்தல் நன்று. பிரித்தானியா 1974இல் ஒரு சட்டம் இயற்றியது. தண்டனை பெற்றவரே குறித்த சில ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால், பழைய தண்டனை பலவற்றைக் கழிந்ததாகக் கொள்ள வேண்டுமென்பது அதன் சாரம். அதே பிரித்தானியா, கைதாகிக் குற்றவாளியாகத் தீர்க்கப்படாத இருவரின் கைரேகையையும் மரபணு மாதிரியையும் வைத்திருந்தபோது, அஃது உரிமை மீறலென 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்த்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், தண்டனையில் முடியாத கைதுப் பதிவை நீதிமன்றில் மனுச் செய்து முத்திரையிட்டு மூடிக்கொள்ள 2017இல் வழி செய்தது. பென்சில்வேனியா மாநிலம் 2018இல், மனுவே வேண்டாமல் சில பதிவுகள் தாமாக மூடப்படும் முறையைக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டிலும் இவ்வாதம் எழுந்திருக்கின்றது. விடுதலையான ஒருவர், தம் வழக்கின் தீர்ப்பிலிருந்து தம் பெயரை மறைக்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தைக் கேட்டார். அதற்குரிய சட்டம் இல்லையென 2021இல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பெப்ரவரியில் இரு நீதிபதிகள் கொண்ட மதுரை அமர்வு அவர் பக்கம் தீர்த்தது. இந்திய உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அத்தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. இதிலிருந்து நாம் கற்பது யாது? நீதிபதியின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது. சட்டம் எழுதப்படல் வேண்டும்.

பாதுகாப்பு என்னும் பூச்சாண்டி

“பழைய பதிவை மூடினால் நாட்டின் பாதுகாப்பு என்னாவது?” என்பர் எதிர்வாதம் புரிவோர். வாதம் கேட்கத்தக்கதே, ஆதலின் விடை கூறுகின்றோம். மூடிய பதிவைப் புதியதொரு பாரிய குற்றத்தின் விசாரணைக்காகத் திறக்க வேண்டின், காரணம் காட்டி நீதவானின் அனுமதி பெற்றுத் திறக்கட்டும். வேலை கொடுப்பவன், வெளிநாட்டு முகவர், கிராமத்து உத்தியோகத்தர் ஆகியோர் கண்ணுக்கு அது தெரிய வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டு அமைதியாக உழுதுண்டு வாழ்ந்தவனுக்கு வேலையை மறுப்பதனால் எந்த நாடு பாதுகாக்கப்பட்டது? தொழிலின்றி, நம்பிக்கையின்றி, இரவோடிரவாகப் படகேறும் இளைஞர்களை அன்றோ அது உருவாக்குகின்றது!

நம்முள்ளேயும் ஓர் எச்சரிக்கை தேவை. ‘பதிவுகளை எரித்துவிடுங்கள்’ என்று நாம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியில் வீதியில் அமர்ந்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனை இன்னார் கொண்டு சென்றார், இன்ன நாளிற் கொண்டு சென்றார் என்பதற்கு ஒரு பழைய கைதுக் குறிப்பே ஒரேயொரு சாட்சியாக இருக்கக்கூடும். அநியாயமாகப் பிடித்தவர்கள் தம் தடயத்தை அழிப்பதற்கு நம் கோரிக்கை உதவிவிடலாகாது. ஆதலின் நாம் வேண்டுவது அழித்தலன்று, மூடுதல். பிறர் கண்ணுக்கு மூடப்பட்டும், பாதிக்கப்பட்டவர் கைக்கும் அவர் குடும்பத்தின் கைக்கும் நீதிமன்றத்துக்கும் திறந்தும் அப்பதிவு இருத்தல் வேண்டும்.

நாம் வேண்டுவன

முதலாவது, குற்றப்பத்திரமின்றி விடப்பட்டவர், நீதவானால் விடுவிக்கப்பட்டவர், சுற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவர் ஆகியோரின் கைதுப் பதிவை மூடுமாறு, விடுவிக்கும் கட்டளையோடு சேர்த்தே நீதிமன்றம் ஆணையிடல் வேண்டும். மூடக்கூடாதெனின் காரணம் காட்டும் பாரம் பொலிசாரையே சாரும்.

இரண்டாவது, பழைய கைதுகளுக்கு, அவரவர் வாழும் ஊரின் நீதவான் நீதிமன்றத்தில், தமிழில், கட்டணமின்றி மனுச் செய்ய வழி வேண்டும். குறித்த காலத்துள் கட்டளை பிறத்தல் வேண்டும்.

மூன்றாவது, அக்கட்டளை பொலிஸ் தலைமையகத்தையும் ஊர் நிலையத்தையும் ஒருங்கே கட்டுப்படுத்தல் வேண்டும். நிறைவேற்றினோமென எழுத்தில் நீதிமன்றத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

நான்காவது, புனர்வாழ்வு பெற்றோருக்கும் இவ்வுரிமை அப்படியே உரியதாதல் வேண்டும்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோமென ஆட்சிகள் மாறி மாறி வாக்களித்ததை நாம் அறிவோம். அச்சட்டம் நீங்கினும் இக்கோரிக்கை நீங்காது. ஒரு சட்டம் நீக்கப்படுவதால் அதன்கீழ் முன்னர் செய்யப்பட்டவை செல்லாதனவாகமாட்டா என்பது பொருள்கோடற் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. மரத்தை வெட்டினாலும் வேரிற் கிடக்கும் பெயர்கள் கிடந்தபடியே கிடக்கும். அவற்றை எடுத்துத் துடைப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

சட்டம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. விடுவிக்கப்பட்ட ஒவ்வொருவரும் அக்கட்டளையின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளரிடம் பெற்றுப் பத்திரப்படுத்துக. தம் பெயரில் என்ன பதிவு உண்டென்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்க. 14 வேலை நாட்களுள் தகவல் அலுவலர் முடிவு கூறல் வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. சான்றிதழ் மறுக்கப்பட்டால் உடனே, ஒரு மாதம் கழியுமுன், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் வவுனியா அலுவலகத்தை நாடுக. மறுப்பு புதியதாயின், உரிமை மீறலும் புதியதென வாதிட இடமுண்டு.

சட்டத்தரணிகளே! இவ்வாறான மனுக்களை ஒன்று திரட்டி, ஒரு நல்ல வழக்கைத் தெரிந்து, உயர் நீதிமன்றம் வரை கொண்டு செல்லும் கடமை உங்களது. ஆசிரியர்களே, எழுதப் படிக்கத் தெரிந்த உத்தியோகத்தர்களே! அயலவனின் விண்ணப்பத்தை எழுதிக் கொடுப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். கமக்காரர் அமைப்புகளே! உரமும் விதைநெல்லும் பேசும் கூட்டத்தில் இதனையும் பேசுங்கள். காடழித்த வழக்கிற் சிக்கியோரின் விபரத்தைத் திரட்டுங்கள். வன்னித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர்களும், கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தொகுதியின் உறுப்பினர்களும், கட்சி வேறுபாடு மறந்து ஒரு தனியார் சட்டமூலத்தைச் சபையில் வைக்கட்டும். அதனை எதிர்த்துக் கையுயர்த்துவோர் யாரென்று நாடு பார்க்கட்டும்.

எவரிடமும் நாம் இரக்கம் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, மன்னிக்க வேண்டிய குற்றம் எதுவென எந்த நீதிமன்றமும் கூறவில்லையே. பிறக்கும்போது தாய் தந்தையர் இட்ட பெயரை மாசின்றி வைத்திருக்கும் உரிமையைக் கேட்கின்றோம். கைது செய்ய ஒரு நிமிடம் எடுத்த அரசாங்கம், விடுவித்த உண்மையை எழுதுவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு எடுக்கும்? அந்த விடை கிடைக்கும்வரை இக்கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருப்போம்.